கைக்கு எட்டாத கல்லூரி

செந்துறைக்குக் கிழக்கே ஒரு மாரியம்மன் திருவிழாவில் மேடை மீது பீர் பாட்டில் வந்து விழுந்து உடைந்தபோது, சத்யப்பிரியா பாட்டை நிறுத்தவில்லை. கண்ணாடிச் சில்லு கணுக்காலில் ஏறி, ரத்தம் செருப்புக்குள் பிசுபிசுத்தது. சரணத்தை முடித்துவிட்டுத்தான் குனிந்து பார்த்தாள். நிறுத்தியிருந்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். கீழே நின்று பாட்டில் எறிகிறவன் ஒருமுறை எறிந்துவிட்டுப் போய்விடுவான். மேடையில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து ரிதம் பேடு வாசிக்கிறவன் அவளோடு வீட்டுக்கு வருவான்.

அவன் பெயர் வீரமணி. ‘வீரமணி இன்னிசைக் குழு’வின் உரிமையாளர், அவளுடைய கணவன். அரியலூரில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் வாடகை வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள்.

சத்யாவுக்குச் சொந்த ஊர் விக்கிரமங்கலம். அவள் அப்பா பாவாடை கொத்தனார். தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம். பாவாடைதான் முதலில் கரண்டியைப் பிடித்து, ஊராருக்கு வீடு கட்டி, கடைசியில் தனக்கும் இரண்டு அறை கட்டிக்கொண்டார். அம்மா குஞ்சம்மாள் மஞ்சள் காமாலையில் சீக்கிரமே போய்விட்டாள். அக்கா வளர்மதிதான் சத்யாவுக்குத் தலை பின்னி பள்ளிக்கூடம் அனுப்பியவள். பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டு விழாவில் சத்யா பாடியதைக் கேட்டுவிட்டு, அன்று மைக் செட்டோடு வந்திருந்த வீரமணி பெண் கேட்டு வந்தான். ஒரே சாதி, கையில் தொழில். பாவாடை தலையாட்டிவிட்டார். கல்யாணத்தின்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

வீரமணியிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எந்தப் பாட்டையும் ஒரு தடவை கேட்டால் தாளத்தை விரலில் வைத்திருப்பான். ஆரம்பத்தில் அவள் பாடும்போது அவன் கண் கலங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். முதல் அறை விழுந்ததும் ஒரு பாட்டுக்காகத்தான். பல்லவியை அரை நொடி தாமதமாக எடுத்தாள் என்று, வேனில் ஏறியதும் கன்னத்தில் விட்டான். பிறகு முதுகு, தொடை, விலா. ஒருமுறை ஸ்பீக்கர் வயரை மடித்து அடித்ததில் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அடித்து ஓய்ந்தபின் டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டுச் சொல்வான்.

“கழுத்துல மட்டும் என் கை படாது பாத்துக்க. அது நம்ம ரெண்டு பேரு சோறு.”

அவள் அதை நம்பினாள். நாலு வருஷம் அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடியது.

இசைக் கல்லூரி என்று ஒன்று இருப்பதை அவளுக்குச் சொன்னவன் தமிழழகன். குழுவில் கீபோர்டு வாசித்த ஜெயங்கொண்டத்துப் பையன். கொஞ்ச காலம் முறையாகப் படித்துவிட்டுப் பாதியில் விட்டவன்.

“அக்கா, நீங்க மேல போறப்ப ஒரு எடத்துல சறுக்குறீங்க. அது என்ன ஸ்வரம்னு தெரிஞ்சா சறுக்க மாட்டீங்க. பிளஸ் டூ போதும்க்கா. கவர்மென்ட் காலேஜே நாலஞ்சு ஊர்ல இருக்குது.”

உலை கொதிக்கும் நேரத்தில் அவள் செல்போனில் தேட ஆரம்பித்தாள். திருவையாறு, சிதம்பரம், மதுரை, கோயம்புத்தூர், சென்னை. எங்கே வாய்ப்பாட்டுக்குப் பட்டயம், எங்கே பட்டம், எங்கே பெண்களுக்கு விடுதி, யார் அடிப்படை தெரியாதவர்களையும் எடுப்பார்கள் என்றெல்லாம் பார்த்தாள். அப்போது அவள் ஒப்பிட்டது எல்லோரும் ஒப்பிடுவதைத்தான். திருவையாறு அவளுக்குப் பிடித்திருந்தது. அரியலூரில் ஏறினால் திருமானூர் தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறி இறங்கினால் வந்துவிடும். காலையில் போய் மாலையில் திரும்பலாம். கச்சேரியும் கெடாது.

அதையே அவனிடமும் சொன்னாள்.

“மாமா, திருவையாத்துல பாட்டுக் காலேஜு இருக்குதாம்.”

“இருந்துட்டுப் போவுது.”

“நான் போயி படிக்கட்டுமா?”

“உனக்குப் பாடத் தெரியாதா?”

“தெரியும். என்ன பாடுறேன்னு தெரியாது.”

வீரமணி சிரித்தான். சிரித்துக்கொண்டே, “யாரு சொன்னது இதெல்லாம்?” என்றான். யாரும் சொல்லவில்லை என்றாள். அவன் அவளுடைய போனை எடுத்துப் பார்த்தான். கல்லூரி பற்றித் தமிழழகன் அனுப்பிய குரல்பதிவு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அதுவே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் ஒத்திகைக்கு வந்த தமிழழகன் கீபோர்டை உறையிலிருந்து எடுக்கக் குனிந்தபோது, வீரமணி மைக் ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்து அடித்தான். இரும்பு அடிப்பாகம் முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அறையில் எல்லோருக்கும் கேட்டது. கீழே விழுந்தவனை மிதித்தான். டோலக்கு வாசிக்கிறவரும் சத்யாவும் சேர்ந்து இழுத்தும் அவனை நகர்த்த முடியவில்லை. தமிழழகன் மாவுக்கட்டோடு ஊருக்குப் போனான். புகார் கொடுக்கவில்லை. திரும்பி வரவும் இல்லை.

“இப்ப காலேஜுக்குப் போறியா?” என்று அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டான் வீரமணி. அவள் குழம்பை ஊற்றினாள்.

ஆனால் அவள் விட்டுவிடவில்லை. தமிழழகனின் கை முறிந்த பிறகுதான் ஆசை பிடிவாதமானது. பக்கத்து வீட்டு மலர்கொடியின் போனிலிருந்து கல்லூரிக்குப் பேசினாள். மதிப்பெண் சான்றிதழும் டி.சி.யும் வேண்டும் என்றார்கள். இரண்டும் விக்கிரமங்கலத்தில், அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை போய் எடுத்துவந்தாள். பாவாடைக்கு இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று தெரியாது. மருமகனிடம் போனில், “பாப்பா மேல படிக்கப் போவுதாம்ல, நல்லது மாப்ள” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டார்.

அன்று மதியமே வீரமணி வீட்டுக்கு வந்தான். கை கழுவினான். சோறு கேட்டுச் சாப்பிட்டான். மோர் ஊற்றிக் குடித்துவிட்டுத்தான் கேட்டான்.

“சர்ட்டிபிகேட்டு எங்கடி?”

கேட்டுக்கொண்டே அவன் எழுந்து வந்தான். அவள் கன்னத்தைக் காத்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். எப்போதும் முதல் அடி அங்கேதான் விழும். அவன் கை கன்னத்துக்குப் போகவில்லை. இரண்டு கட்டைவிரலும் குரல்வளையில் அழுந்தின. அவளைச் சுவரோடு தூக்கி நிறுத்தி, முகத்துக்கு நேராக முகத்தை வைத்துப் பேசினான்.

“எனக்குப் பாடாத தொண்டை யாருக்கும் பாட வேணாம்.”

கால்கள் தரையில் இல்லை. கழுத்துக்குள் ஏதோ நறுக்கென்று உடைந்தது. அவன் மூச்சில் மோர் வாடை அடித்தது. அவள் நகங்கள் அவன் கன்னத்தைக் கிழித்தன, அவன் விடவில்லை. கண் இருண்டுவரும்போது கதவைத் தள்ளிக்கொண்டு மலர்கொடி உள்ளே வந்து, கையில் இருந்த தண்ணீர்க் குடத்தை அப்படியே அவன் முதுகில் எறிந்தாள். பிடி விட்டது. சத்யா கீழே சரிந்து துப்பினாள். ரத்தம். வீரமணி தன் கைகளைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். குரல்வளைக் குருத்தெலும்பில் விரிசல் விட்டிருந்தது. குரல் நாண் ஒன்றில் ரத்தம் கட்டியிருந்தது. பேசக் கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்றார் டாக்டர். விசாரிக்க வந்த பெண் எஸ்.ஐ. பொறுமையாக உட்கார்ந்து, அவள் விரலால் காட்டியதையும் தலையாட்டியதையும் வைத்தே வாக்குமூலம் வாங்கினார். வீரமணி உள்ளே போனான். ஜாமீனில் வெளியே வந்தான்.

அதற்குள் வளர்மதி தங்கையைப் பெரம்பலூருக்குக் கொண்டுபோயிருந்தாள். வளர்மதிக்கு அங்கே ஷூ கம்பெனியில் வேலை. கணவன் சிங்கப்பூரில். வளர்மதி ஆள் சின்ன உருவம். வாய் பெரிது. கைக்கும் பயம் கிடையாது.

சத்யாவுக்குப் பேச்சு திரும்பியது, ஆனால் அவளுடைய பேச்சாக இல்லை. சாக்கைத் தரையில் இழுப்பதுபோல ஒரு கரகரப்பு. முதல் வார்த்தையாக அவள் அக்காவிடம் சொன்னது, “காலேஜு.”

வளர்மதி அவளையே பார்த்தாள். “இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டா?”

“ஆமா.”

“சரி. ஆனா இனிமே நான்தான் காலேஜு பாப்பேன். பாட்ட நீ பாரு. எந்த ஊருக்கு அவன் எவ்ளோ நேரத்துல வந்து நிப்பான்னு நான் பாக்குறேன்.”

அப்படித்தான் அந்தப் பட்டியல் மறுபடியும் தொடங்கியது. முதலில் திருவையாறு போனார்கள். சத்யாவுக்கு அந்த இடம் அப்படியே உள்ளே இறங்கியது. ஒரு வகுப்பிலிருந்து வீணை, இன்னொன்றிலிருந்து சரிகமபதநி என்று முதல் பாடமான சரளி வரிசை. சேர்க்கை பற்றிச் சொன்ன ஆசிரியை அன்பாகப் பேசினார். வளர்மதி வெளியே நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் ஒரு குறையும் இல்லை. குறை சாலையில் இருந்தது. திருமானூர், ஏலாக்குறிச்சி, கீழப்பழுவூர் என்று அந்த வழியில் வீரமணி கச்சேரி பண்ணாத ஊர் இல்லை. கடைக்காரன், மைக் செட்காரன், வேன் டிரைவர், எல்லோரும் அவனுக்குத் தெரிந்தவர்கள்.

வளர்மதியின் பயம் சரியாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில் யாரோ பார்த்திருக்கிறார்கள். அடுத்த நாள் காலை, வளர்மதி வேலைக்குக் கிளம்பிக் கம்பெனி பஸ்ஸுக்காகக் கதவைத் திறந்தபோது வீரமணி வாசலில் நின்றான். கூடவே குழுவின் வேன் டிரைவர்.

“என் பொண்டாட்டிய அனுப்பு.”

“போடா வெளிய.”

அவன் வளர்மதியின் பின்னலைக் கையில் சுற்றி, நிலைப்படியில் அவள் தலையை மோதினான். நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். இரண்டாவது முறையும் மோதினான். உள்ளே இருந்த சத்யா கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருவர்கூடத் திரும்பவில்லை. அவளால் யாரையும் கூப்பிட முடியவில்லை. அந்த நொடியில் பயம் போய்விட்டது என்று பிற்பாடு சொல்வாள். அம்மியிலிருந்த குழவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். அக்காவின் முடியைப் பிடித்திருந்த கை நிலைப்படியில் ஊன்றியிருந்தது. அதன் மேல் இறக்கினாள்.

வீரமணி அலறினான். அவள் மறுபடி தூக்கி மறுபடி இறக்கினாள். மூன்றாவது அடிக்கு வளர்மதிதான் தடுத்தாள்.

“போதும்டி! செத்துடப் போறான், போதும்!”

வேன் டிரைவர் எப்போதோ ஓடிவிட்டான். வீரமணி உடைந்த விரல்களை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சாக்கடை ஓரமாக உட்கார்ந்திருந்தான். சத்யா குழவியைக் கீழே வைக்காமல் நின்றாள். தனக்குள் இரக்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதுதான் அவளைப் பல நாள் தூங்கவிடாமல் செய்தது.

அவன் மீது இரண்டாவது வழக்கு வந்தது. அவள் மீதும் ஒரு வழக்கு வந்தது. இதைக் கேள்விப்பட்டு பாவாடை பெரம்பலூருக்கு ஓடிவந்தார். பெரிய மகள் நெற்றியில் தையல், சின்ன மகள் கழுத்தில் கருப்பு மாறாத தழும்பு. மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

“அவனும் அடிச்சான், நீயும் அடிச்சுட்ட. சரிக்குச் சரியாப் போச்சு. கேச ரெண்டு பக்கமும் வாபஸ் வாங்கிட்டு வூட்டுக்குப் போயிடு பாப்பா. பொம்பளப்புள்ள கோர்ட்டு ஏறக் கூடாது.”

“முடியாதுப்பா.”

“நான் சொல்றேன்ல!”

பாவாடை கையை ஓங்கிவிட்டார். வாழ்நாளில் மகள்களை அடித்தவர் இல்லை. சத்யா பின்வாங்கவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் ஓங்கிய கை தானாக இறங்கியது. அவர் துண்டை வாயில் பொத்திக்கொண்டார். போகும்போது, “எங்கயாச்சும் தூரமாப் போயிப் படி” என்றார்.

தூரம் என்பதுதான் இப்போது கணக்கு. சிதம்பரம் போகிற வழியில் மீன்சுருட்டியில் வீரமணியின் தாய் வீடு. அந்தப் பெயரைப் பட்டியலில் அடித்தாயிற்று. சென்னைக்குக் குழுவின் வேன் அடிக்கடி போகும், அங்கே அவனுக்கு நண்பர்கள் அதிகம். அதுவும் போயிற்று. மதுரைக்கு அரியலூரிலிருந்து நேராக ரயில் ஏறிவிடலாம், இருந்தாலும் பார்ப்போம் என்று போனார்கள். அங்கே பெரியவர் ஒருவர் அவளைப் பாடச் சொன்னார். நாலு ஸ்வரம் ஏறியதும் குரல் துணி கிழிவதுபோலக் கிழிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். “வீணை எடுத்துக்கம்மா. ஞானம் இருக்குது. தொண்டைய ஏன் வருத்துறே?”

வெளியே வந்து சத்யா சுவரில் முஷ்டியால் குத்தினாள். விரல் முட்டி தோலுரிந்தது.

“அந்த சாரு நல்லதுக்குத்தாண்டி சொன்னாரு.”

“தெரியும்க்கா. ஆனா நான் வீணை எடுத்தா, அவன் நெனச்சது நடந்துடும்.”

கடைசியாகக் கோயம்புத்தூர். அரியலூரிலிருந்து போக வேண்டுமானால் பஸ் மாறி மாறி உடம்பு நொந்துவிடும். அந்தப் பக்கம் வீரமணிக்கு ஒரு ஆளும் தெரியாது. வளர்மதி விடுதியின் மதிலைச் சுற்றி நடந்து பார்த்தாள். வாசலில் இருந்த காவலாளி அம்மாவிடம் அவன் போட்டோவைக் காட்டிப் பேசினாள். திரும்பி வந்து, “இங்க சேரு” என்றாள்.

சேர்க்கைத் தேர்வில் சுருதிப் பெட்டி, பெண்கள் வழக்கமாகப் பாடும் ஐந்து கட்டையில் ஒலித்தது. சத்யா பாடினாள். கிழிந்தது.

“என்ன ஆச்சு தொண்டைக்கு?” என்று கேட்டார் ஆசிரியை.

“நெரிச்சுட்டாங்க மேடம்.”

கூட இருந்த மற்ற இருவரும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஆசிரியை மட்டும் சுருதியைக் குறைத்தார். நாலு கட்டை. பாடு என்றார். கிழிந்தது. மூன்று. இன்னும் குறைத்தார். இரண்டரைக் கட்டையில், ஆண்கள் பாடும் இடத்துக்குப் பக்கத்தில், அவள் குரல் தரையில் கால் ஊன்றுவதுபோல நின்றது. கரகரப்பு இருந்தது. கிழியவில்லை.

“இனிமே உன் எடம் இதுதான். பழைய எடத்துக்கு ஏறப் பாத்தே, இருக்கிறதும் போயிடும். சம்மதமா?”

“சம்மதம் மேடம்.”

சேர்ந்துவிட்டாள். சேர்ந்ததும் எல்லாம் நேராகிவிடவில்லை. சரளி வரிசையைப் பதின்ம வயதுப் பெண்களோடு உட்கார்ந்து பாடினாள். ஒரு காலை, அறைத் தோழி பானுப்ரியா விளையாட்டாகப் பின்னால் வந்து அவள் கழுத்தில் பாசிமணியைப் போட்டுவிட்டாள். சத்யா திரும்பி அடித்த அடியில் அந்தப் பெண்ணின் உதடு கிழிந்து பல் ஆடியது. விடுதியே கூடிவிட்டது. சத்யா பானுப்ரியாவின் காலடியில் உட்கார்ந்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அன்றுதான் முதன்முதலாக முழுதாக ஒருவரிடம் சொன்னது. பானுப்ரியா வீங்கிய வாயோடு, “முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, முன்பக்கமா வந்திருப்பேன்” என்றாள்.

படிப்பு கடைசி வருடத்தில் இருக்கும்போது அரியலூர் கோர்ட்டில் சாட்சி சொல்ல அழைப்பு வந்தது. வீரமணி மறுபுறம் நின்றான். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. குழு இன்னும் ஓடுகிறது, வேறு ஆள் வாசிக்கிறான், வேறு பெண் பாடுகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தாள். கூண்டில் அவள் பேசத் தொடங்கியதும் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கிட்டார்.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா, காதுல விழல.”

“இவ்வளவுதாங்க வரும்” என்றாள் சத்யா. “மிச்சத்த அவருகிட்ட கேளுங்க.”

அவள் அந்தக் குரலிலேயே எல்லாவற்றையும் சொன்னாள், குழவியையும் சேர்த்து. வெளியே வராந்தாவில் வீரமணி போலீஸ்காரரை இடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வந்தான். வளர்மதி செருப்பைக் கழற்றினாள். அதற்கு வேலை வரவில்லை, இரண்டு காவலர்கள் அவனைத் தரையில் அழுத்தி முட்டியை முதுகில் வைத்தார்கள். கன்னம் சிமெண்ட்டில் உரச, “உன்னைய விட மாட்டேன்டி” என்று கத்திக்கொண்டே இருந்தான்.

அவனுக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு போட்டு ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். அவள் செய்தது தற்காப்பு என்று அவள் மீதான வழக்கு தள்ளுபடியானது. விவாகரத்தும் ஆயிற்று. சத்யா இப்போது பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சர். பிள்ளைகள் முதல் வாரம் அவள் குரலைக் கேட்டுச் சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் மறந்துவிடுவார்கள். மாலையில் கோயில் மண்டபத்தில் எப்போதாவது பாடுகிறாள். உச்சத்துக்குப் போகிற சினிமாப் பாட்டு எதையும் அவளால் இனிப் பாட முடியாது. அந்த வருத்தம் அவளுக்கு இருக்கிறது. இல்லை என்று அவள் பொய் சொல்வதில்லை.

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, என் பேரு இலக்கியாங்க. நான்... வீரமணி அண்ணன் குழுவுல பாடுறேன்.”

சத்யா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“பாட்டு படிக்கணும்க்கா. எந்தக் காலேஜு நல்லதுன்னு மலர்கொடி அக்காதான் உங்களைக் கேக்கச் சொன்னாங்க. திருவையாறு பக்கமா இருக்குது. கோயம்புத்தூரு நல்லதுன்றாங்க. எது சேரலாம்?”

“ரெண்டுமே நல்ல காலேஜுதான். திருவையாத்துல அஸ்திவாரம் நல்லாப் போடுவாங்க. வீட்டுலேருந்து போயிட்டு வர்றவங்களுக்கு அதவிடச் சவுரியம் கெடையாது. கோயம்புத்தூருல நான் படிச்சேன். மதுரையில ஒரு சாரு இருக்காரு, உண்மையச் சொல்லுவாரு...” சத்யா நிறுத்தினாள். “இலக்கியா, உன் வாய் ஏன் கொழறுது?”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“வீங்கியிருக்குதா?”

“ஆமாக்கா.”

“இப்ப எங்க இருக்க?”

“ஒத்திகை ரூமுலங்க. கதவப் பூட்டிட்டு டீ குடிக்கப் போயிருக்காரு.”

வளர்மதி அடுப்படியில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். சத்யா போனைக் காதிலிருந்து எடுக்காமலே போய் அடுப்பை அணைத்தாள். “அவன் ஒத்திகை ரூமுல ஒரு பொண்ணு” என்று சத்யா சொன்னதும் அக்கா தன் போனை எடுத்தாள். ஸ்கூட்டி சாவி ஆணியில் தொங்கியது.

“இலக்கியா, போன வைக்காத. பேசிக்கிட்டே இரு” என்றாள் சத்யா செருப்பை மாட்டிக்கொண்டே. “எங்க அக்கா இன்னொரு போன்ல போலீசுக்குப் பேசுது. நாங்களும் கெளம்பிட்டோம். காலேஜு எங்கயும் ஓடிப் போயிடாது. மொதல்ல சன்னலத் தொறந்து, ரோட்டுல போறவங்களைக் கூப்புடு. உனக்குக் கொரல் இருக்குதுல்ல? கத்து.”

வண்டி கிளம்பியபோது போனுக்குள் அந்தப் பெண் கத்துவது கேட்டது.